பிளக்கைச் சுத்தி மண்ணு

எங்க வண்டி அழுக்கா இருந்தா ஒரு குறையும் இல்லாம ஓடும். குளிச்சுட்டு வந்தாதான் நோவு. இதை யார்கிட்ட சொன்னாலும் சிரிக்கிறாங்க. சிரிங்க, உங்களுக்கென்ன? நடு ரோட்டுல பெட்டியோட நின்னது நான்.

என் வேலை ரத்தம் கொண்டு போறது. பயந்துடாதீங்க. சின்னச் சின்ன கிளினிக்குல எடுக்குற ரத்தக் குழாயை எல்லாம் ஐஸ் வெச்ச பெட்டியில அடுக்கி, பைக்குக்குப் பின்னாடி கட்டி, ஊருக்கு அந்தப் பக்கம் இருக்குற லேபுல சேர்க்கணும். பெட்டியைப் பாத்துட்டு சிக்னல்ல சில பேரு, "என்னம்மா, இன்னைக்கு என்ன சாப்பாடு?"ன்னு கேப்பாங்க. "ரத்தம்"னு சொன்னா போதும், அடுத்த சிக்னல் வரைக்கும் பக்கத்துலயே வர மாட்டாங்க. எனக்கு இந்த வேலை ரொம்பப் பிடிக்கும். ஒரு இடத்துல உக்காந்து செய்யுற வேலை எனக்கு ஆகாது. உக்காந்தா தூங்கிடுவேன், இல்லைன்னா பக்கத்துல இருக்குறவங்களோட சண்டைக்குப் போயிடுவேன்.

என் வீட்டுக்காரர் அதுக்கு நேர் எதிர். டெய்லர். முன் ரூம்தான் கடை. காலையில மெஷின் முன்னாடி உக்காந்தா உக்காந்ததுதான். அவரோட அக்கா, அதாவது என் நாத்தனார், பக்கத்துத் தெருவுலேருந்து வந்து அவருக்குக் காஜா எடுத்து பட்டன் வெச்சுக் குடுப்பாங்க. ரெண்டு பேரும் சுத்தம்னா அப்படி ஒரு சுத்தம். தரையில ஒரு நூல் கிடக்கக் கூடாது. இவருக்கு இன்னொரு வியாதியும் உண்டு. எங்க ஓட்டையைப் பாத்தாலும் கை சும்மா இருக்காது. ஜன்னல் வலை, குடை, மிதியடி, பக்கத்து வீட்டுக்காரங்க காயப்போட்ட திரைச்சீலைன்னு எதையும் விட மாட்டாரு. அந்தத் திரையைக் கேக்காமலே எடுத்துத் தெச்சு மறுபடி கொடியில போட்டுட்டு வந்தாரு. அவங்க யாரோ திரையை மாத்திட்டாங்கன்னு கத்தி ஊரைக் கூட்டிட்டாங்க. நாத்தனார் அன்னைக்கு வயித்தைப் பிடிச்சுக்கிட்டுச் சிரிச்சாங்க.

போன மழைக்காலத்துல ஒரு திருப்பத்துல வண்டி வழுக்கி விழுந்து என் மணிக்கட்டு உடைஞ்சுது. கட்டுப் போட்ட கை நுழையுற மாதிரி என் சட்டை எல்லாத்தோட கையையும் பிரிச்சு, ஓரம் மடிச்சு, பிரஸ் பட்டன் வெச்சுக் குடுத்தாரு. அப்ப ஒரே ஒரு தடவை கேட்டாரு, "இந்த வேலையை விட்டுடேன்"னு. நான் முறைச்சேன். அதோட அந்தப் பேச்சை எடுக்கவே இல்ல. நல்ல மனுஷன், புரிஞ்சுக்கிட்டாருன்னு நானும் நினைச்சுக்கிட்டேன்.

கை சரியானதும் வண்டியை சர்வீஸுக்கு விட்டோம். கூட அவரும் வந்தாரு. மெக்கானிக் அண்ணன் இஞ்சின்ல பொறி விடுற பிளக் இருக்குற குழியைக் காட்டி ஒரு பாட்டம் திட்டித் தீர்த்துட்டாரு. "என்னம்மா இது, வண்டியா, வயலா? பிளக்கைச் சுத்தி இவ்ளோ மண்ணு இருக்கு. நான் பாக்காம கழட்டியிருந்தேன்னு வெய்யி, அத்தனையும் பொலபொலன்னு உள்ள விழும். உள்ள விழுந்தா சிலிண்டர் கீறிக்கும். அப்புறம் வண்டி புகை போக்கிதான். இந்த இடத்துல மண்ணு சேரவே கூடாது. உள்ள மண்ணு போகவே கூடாது."

என் வீட்டுக்காரர் குனிஞ்சு அந்த இடத்தையே பாத்துக்கிட்டு இருந்தாரு. வீட்டுக்கு வந்ததும், "வண்டியோட சுத்தம் இனிமே என் பொறுப்பு"ன்னாரு. எனக்குச் சந்தோஷம் தாங்கல. எந்த வீட்ல நடக்கும் இது?

அன்னையிலேருந்து பிடிச்சது சனி.

லீவு நாள் சாயங்காலம் மெஷினை மூடிட்டு தண்ணி டியூபைப் போட்டு வண்டியைக் கழுவுவாரு. சோப்பு, பிரஷ், துணின்னு ஒரே அமர்க்களம். மறுநாள் காலையில வண்டி பளபளன்னு நிக்கும். நானும் பெருமையா ஏறி உக்காந்து கிளம்புவேன். கிளினிக்குல பெட்டியை வாங்கிக் கட்டிக்கிட்டு மெயின் ரோட்டைத் தொட்டதும் 'டப் டப்'னு ரெண்டு இருமல். அப்புறம் மூச்சு நின்னுடும். மிதிச்சாலும் ஒண்ணுமில்ல, தள்ளினாலும் ஒண்ணுமில்ல. கொஞ்ச நேரம் ஓரமா நின்னு அதைத் திட்டிட்டு மறுபடி மிதிச்சா, ஒண்ணுமே நடக்காத மாதிரி ஸ்டார்ட் ஆகும். அப்புறம் வாரம் பூரா ஒரு பிரச்சினையும் இல்ல. சேத்துல ஓட்டினாலும் சரி, புழுதியில ஓட்டினாலும் சரி, ராஜா மாதிரி போகும்.

மெக்கானிக் அண்ணன் கிட்ட கொண்டு போனா அங்க போய் சமர்த்தா ஓடும். மாப்பிள்ளை வீட்டுக்காரங்க முன்னாடி வாயைத் திறக்காத பொண்ணு மாதிரி அப்படி ஒரு அடக்கம். எனக்கு வர்ற கோபத்துக்கு அதை அங்கேயே கொளுத்தியிருப்பேன்.

"பிளக் போயிருக்கும்"னாரு அண்ணன். மாத்தினோம். அடுத்த வாரமும் நின்னுச்சு. "அப்ப பிளக் மேல மூடுற கேப்"னாரு. மாத்தினோம். நின்னுச்சு. "பெட்ரோல்ல கலப்படம்மா, வேற எதுவா இருக்கும்?" பங்க்கை மாத்தினேன். நின்னுச்சு. கடைசியா இடுப்புல கை வெச்சுக்கிட்டு, "ஏம்மா, நீ ஓட்டுற விதத்துல ஏதாவது..."ன்னு ஆரம்பிச்சாரு. நான் பாத்த பார்வையில மீதியை முழுங்கிட்டாரு.

ஒண்ணு மட்டும் அவர் ஒவ்வொரு தடவையும் சொன்னாரு. பிளக் குழியில எப்பவும் ஈர மண்ணு படிஞ்சு கிடக்குதாம். "வீட்ல சுத்தம் பண்றதே இல்லையா?"ன்னு கேட்டாரு. நான் வந்து என் வீட்டுக்காரர் கிட்ட அதைச் சொன்னேன். அவருக்கு முகம் செத்துப் போச்சு. "நான் சரியாத்தானே கழுவுறேன்"னாரு. சரின்னு வாரத்துல இன்னொரு நாளும் கழுவ ஆரம்பிச்சாரு. வண்டி வாரத்துல இன்னொரு நாளும் நின்னுச்சு. அப்புறம் ஒரு நாள் விட்டு ஒரு நாள் கழுவினாரு. அதுவும் ஒரு நாள் விட்டு ஒரு நாள் நின்னுச்சு. இப்பச் சொல்றப்ப உங்களுக்கு எல்லாம் பளிச்சுன்னு தெரியுது, இல்ல? எனக்கு அப்பத் தெரியல. அழுக்கு சேரக் கூடாதுன்னு மெக்கானிக்கே சொல்றாரு. கழுவினா அழுக்கு போகும். அப்ப கழுவுறதுனால நிக்குதுன்னு யாருக்குத் தோணும்? யோசிச்சு யோசிச்சு மண்டை காஞ்சதுதான் மிச்சம். தலையும் புரியல, வாலும் புரியல.

லேப்ல எங்களை மேய்க்கிற மேனேஜருக்கு நாங்க வெச்ச பேரு 'கடிகாரம்'. மனுஷன் முகத்தைப் பாக்க மாட்டாரு, மணியைத்தான் பாப்பாரு. முதல் தடவை லேட்டா போனப்ப, "பரவால்லம்மா"ன்னாரு. அப்புறம் அந்த 'ம்மா' காணாமப் போச்சு. போன வாரம் நான் ரோட்டுல நின்னதுல ஒரு பெரியவரோட ரத்தம் கெட்டுப்போச்சு. அவருக்கு நரம்பு கிடைக்குறதே பெரிய பாடாம். மறுபடி வரவழைச்சு, இந்தக் கையில கிடைக்காம அந்தக் கையில குத்தி, அதுலயும் கிடைக்காம புறங்கையில குத்தியிருக்காங்க. கிளினிக் நர்ஸ் என்னைத் திட்டக்கூட இல்ல. அந்தப் பெரியவர் கையில இருந்த நீலத்தை மட்டும் சொன்னாங்க. அன்னைக்கு எனக்குச் சோறு இறங்கல.

நேத்து மறுபடி நின்னுடுச்சு. கடிகாரம் என்னைக் கூப்பிட்டு உக்கார வெச்சாரு. உக்கார வெச்சாலே விஷயம் சரியில்லைன்னு அர்த்தம். "லேபிள் ஒட்டுற மேசையில ஒரு ஆள் தேவைப்படுது. நீ அங்க வந்துடு"ன்னாரு.

ஜன்னல் இல்லாத ரூம் அது. குழாயை எடு, லேபிளை ஒட்டு, அடுத்த குழாயை எடு. "சார், ஒரே ஒரு வாய்ப்பு குடுங்க சார்"னு கெஞ்சினேன். நான் யார்கிட்டயும் கெஞ்சுற ஆளே இல்ல.

"சாயங்காலத்துக்குள்ள வண்டியைச் சரி பண்ணிட்டு எனக்குச் சொல்லு. நாளைக்கு நிக்காதுன்னு உறுதியாச் சொல்லணும். இழுத்தேன்னா வேற ஆளைப் போட்டுடுவேன்."

நேரா மெக்கானிக் அண்ணன் கடைக்குப் போனேன். "இன்னைக்கு இது தெரியாம நான் இங்கேருந்து நகர மாட்டேன்"னு ஸ்டூலைப் போட்டு உக்காந்துட்டேன். அவர் பாவம், ஏற்கனவே என் வண்டி மாதிரியே இன்னொரு வண்டியில பிளக் மாத்திக்கிட்டு இருந்தாரு. கழட்டுறதுக்கு முன்னாடி காத்தடிக்கிற பைப்பைக் குழிக்குள்ள விட்டு மண்ணை ஊதினாரு. ஊதினதும் இஞ்சின் பக்கவாட்டுலேருந்து சேறு சர்ருன்னு பீச்சி என் செருப்புல அடிச்சுது.

"என்னண்ணே, பாத்துப் பண்ணக் கூடாதா?"

"அது அப்படித்தாம்மா வரும். குழியில தண்ணி நின்னா வெளிய போக ஒரு ஓட்டை விட்டிருக்கான்ல, அது வழியா வருது."

அப்புறம் என் வண்டிக்கு வந்தாரு. அதே பைப், அதே காத்து. ஆனா ஈர மண்ணு மேல எகிறி அவர் முகத்துலயே அடிச்சுது. பக்கவாட்டுல ஒரு சொட்டு வரல.

"அண்ணே, இதுல ஏன் வரல?"

அவர் முகத்தைத் துடைச்சுக்கிட்டு என்னைப் பாத்தாரு. நான் அவரைப் பாத்தேன். "இத்தனை நாளா நான் மேலேருந்தே துணி விட்டுத் துடைச்சுட்டேனே"ன்னு முணுமுணுத்துக்கிட்டே குனிஞ்சு, டார்ச் அடிச்சு, ஒரு கம்பியை எடுத்துக் குத்தினாரு. போகல. வளைச்சுக் கொக்கி மாதிரி பண்ணி இழுத்தாரு. ஏதோ ஒண்ணு பிதுங்கி வந்து அவர் உள்ளங்கையில விழுந்துச்சு. துணி. கனமான துணியைச் சின்னதா உருட்டி, சுத்தித் தெச்சு, மெழுகு தடவியிருந்துச்சு. ஒரு பக்கம் சூட்டுல கருகியிருந்துச்சு.

"இது யாரும்மா வண்டிக்குத் துணி தெச்சுப் போட்டது?"ன்னு விழுந்து விழுந்து சிரிச்சாரு. "இதான் விஷயம்! கழுவுற தண்ணி போக வழியில்லாம பிளக்கைச் சுத்தியே நிக்குது. நீ கிளம்பி ஓட்டும்போது கேப்புக்குள்ள ஏறி வண்டி செத்துடுது. இஞ்சின் சூட்டுல தண்ணி காஞ்சதும் பொழைச்சுக்குது. என்கிட்ட வர்றப்ப வெறும் ஈர மண்ணுதான் மிச்சம். யாரு வெச்சது?"

"தெரியலண்ணே"ன்னேன்.

தெரியாம என்ன? அந்தத் தையலை நான் எங்க பாத்தாலும் சொல்வேன். என் உடம்புல இருக்குற சட்டையில அதே தையல்தான்.

வீட்டுக்கு வர்ற வழி பூரா வண்டி வெண்ணெய் மாதிரி ஓடுச்சு. எனக்கு அதை ரசிக்கத் தோணல. வேலையை விட்டுடுன்னு கேட்டவரு. நான் மாட்டேன்னதும் மறுபேச்சு பேசாதவரு. வண்டியைத் தானே வந்து பொறுப்பு எடுத்துக்கிட்டவரு. ரோட்டுல நின்னுட்டு நான் வேர்த்து விறுவிறுத்து வந்தா ஏன் லேட்டுன்னுகூட கேக்காம டீ போட்டுக் குடுத்தவரு. எல்லாத்தையும் சேத்துப் பாத்தா ஒரு கணக்கு வருது. அந்த மனுஷன் முகத்தை நினைச்சா அந்தக் கணக்கு வரல. பக்கத்து வீட்டுத் திரையைத் தெச்சுக் குடுத்த ஆளா இது? இல்ல, நான்தான் இத்தனை வருஷமா ஏமாந்த சோணகிரியா? ஒரு சிக்னல்ல பச்சை விழுந்தும் நான் நகரலைன்னு பின்னாடி நின்னவங்க எல்லாம் ஹாரன் அடிச்சாங்க. அவங்களையும் திட்டினேன்.

முன் ரூம்ல அக்காவும் தம்பியும் வேலையா இருந்தாங்க. நான் ஹெல்மெட்டைக்கூட கழட்டல. அந்தத் துணி உருண்டையை மெஷின் மேல, அவர் கைக்கு நேரா வெச்சேன். எனக்குக் கோபம் வந்தா 'நீங்க' போய் 'நீ' வந்துடும்.

"இது உன் வேலையா?"

அவர் எடுத்துப் பாத்தாரு. "அட, விழுந்துடுச்சா? நல்லா இறுக்கித்தானே வெச்சேன்"னாரு.

திருடனைக் கையும் களவுமா பிடிச்சா, பூட்டு சரியில்லைன்னு அவனே குறை சொல்ற மாதிரி இருந்துச்சு.

"எதுக்கு வெச்ச?"

"மண்ணு போகக் கூடாதுன்னு அன்னைக்கு மெக்கானிக் சொன்னாருல்ல? பாத்தா பக்கத்துலயே ஒரு ஓட்டை. திறந்தே கிடக்கு. அது வழியாத்தானே தூசி ஏறும்? அதான் கேன்வாஸ் துணியில தெச்சு, மெழுகு போட்டு அடைச்சேன். ஏன், என்ன ஆச்சு?"

நாத்தனார் ஊசியைக் கீழ வெச்சுட்டு, "டேய், வண்டிக்குமாடா ஒட்டுப் போட்ட?"ன்னு சிரிக்க ஆரம்பிச்சாங்க. என் முகத்தைப் பாத்ததும் பாதியில நிறுத்திட்டாங்க. நான் எல்லாத்தையும் சொன்னேன். தண்ணி நிக்குறதை, கழுவக் கழுவ வண்டி செத்ததை, பெரியவர் கையை, லேபிள் மேசையை. சொல்லச் சொல்ல அவர் முகம் சுருங்கிக்கிட்டே போச்சு. நாத்தனார் சத்தம் போடாம பையை எடுத்துக்கிட்டு, "நான் நாளைக்கு வரேன்"னு கிளம்பிட்டாங்க.

"ஒண்ணே ஒண்ணு கேக்குறேன்"னேன். "என் முகத்தைப் பாத்துச் சொல்லு. வண்டி நிக்கணும்னு வெச்சியா?"

"சத்தியமா இல்லம்மா. இதுனாலதான் நிக்குதுன்னு இப்ப நீ சொல்லித்தான் எனக்குத் தெரியும்."

அந்தக் குரல்ல பொய் இல்ல. இந்த மனுஷனுக்குப் பொய் சொல்லவும் வராது, காது சிவந்துடும். எனக்கு அப்பதான் மூச்சே வந்துச்சு. அப்பாடான்னு ஹெல்மெட்டைக் கழட்டி வெச்சேன். சிரிப்புகூட வந்துச்சு. "நல்லா பயமுறுத்துனீங்க போங்க. நான் என்னென்னமோ நினைச்சுட்டேன்"னேன்.

அவர் சிரிக்கல. குனிஞ்சு அந்த உருண்டையோட நூலைப் பிரிச்சுக்கிட்டு இருந்தாரு.

"ஆனா ஒண்ணு இருக்கு"ன்னாரு.

"என்ன?"

"நீ வந்து, வண்டி நின்னுடுச்சுன்னு சொல்றப்ப எல்லாம் எனக்கு உள்ளுக்குள்ள ஒரு சந்தோஷம். இப்படியே போனா அந்த வேலை போயிடும்னு தோணுச்சு. போகட்டும்னு இருந்துச்சு. நீ அன்னைக்கு விழுந்ததா போன் வந்துச்சுல்ல, அதுலேருந்து மத்தியானம் போன் அடிச்சாலே எனக்குக் கை நடுங்குது. நீ வேர்த்து வந்து நிப்ப, நான் டீ போடுவேன். இன்னைக்கு அவ முழுசா வந்துட்டான்னு நினைச்சுக்குவேன்."

அப்புறம் கேக்கக் கூடாததைக் கேட்டுட்டேன்.

"கழுவுறதுனாலதான் நிக்குதுன்னு முன்னாடியே தெரிஞ்சிருந்தா?"

அவர் கடைசி நூலையும் பிரிச்சு முடிச்சாரு.

"தினமும் கழுவியிருப்பேன்"னாரு.

எனக்கு என்ன பண்றதுன்னே தெரியல. இவர் தப்பு பண்ணியிருந்தா சண்டை போட்டு ஓஞ்சிருப்பேன். தப்பு பண்ணவே இல்லையே. பண்ணாத தப்புக்கு ஒத்துக்கிட்டு உக்காந்திருக்குற ஆளை என்ன செய்ய? ஆத்திரமும் வருது, பாவமாவும் இருக்கு, எது முன்னாடி வருதுன்னே எனக்குப் பிரிச்சுப் பாக்கத் தெரியல. இத்தனை நாளா வண்டிதான் புரியலைன்னு நினைச்சுக்கிட்டு இருந்தேன்.

அப்ப போன் அடிச்சுது. அவர் கை நடுங்குறதை நான் பாத்தேன். நிஜமாவே நடுங்குச்சு. கூட இருந்தும் இத்தனை நாளா அதை நான் பாக்கல.

கடிகாரம்தான். "என்ன, சாயங்காலம் ஆச்சு. நாளைக்கு வருவியா, ஆளை மாத்தட்டுமா? வண்டி நிக்குமா, நிக்காதா? உறுதியாச் சொல்லு."

சொல்லியிருக்கலாம். நாக்கு நுனியில பதில் இருந்துச்சு. நான் சொல்லல. போனை ஸ்பீக்கர்ல போட்டு அவர் முன்னாடி நீட்டினேன். "சார், வண்டியைப் பாத்துக்குறது என் வீட்டுக்காரர். அவரே சொல்வாரு, கேளுங்க"ன்னேன்.

அவர் என்னைப் பாத்த பார்வையை என்னால சொல்ல முடியாது. வேண்டாம்னு தலையை ஆட்டினாரு. நான் கையை எடுக்கல. போனுக்குள்ளேருந்து கடிகாரம் "ஹலோ, ஹலோ"ன்னு கத்திக்கிட்டே இருந்தாரு. ஒரு வார்த்தை இழுத்தாருன்னா போதும், நான் நாளையிலேருந்து லேபிள் மேசை. அவருக்கும் அது தெரியும்.

"நிக்காது சார்"னாரு. செருமிக்கிட்டு மறுபடி சொன்னாரு. "நிக்காது. அவ நேரத்துக்கு வந்துடுவா."

"சரி, அப்ப காலையில பாக்கலாம்"னு கடிகாரம் வெச்சுட்டாரு.

நான் ஏதாவது சொல்லணும்னு நின்னேன். அவர் அதுக்குள்ள திரும்பி மெஷினை மிதிக்க ஆரம்பிச்சிருந்தாரு. ஊசிக்குக் கீழ துணியே இல்ல. மிதிச்சுக்கிட்டே இருந்தாரு.